படகோட்டிக்குக் கோபுரத்தின் குரல் கேட்காது

வாசகர் கேள்வி: நான் வான்கூவரில் வசிக்கிறேன். அண்மையில் ஒரு சிறிய மோட்டார் படகு வாங்கினேன். கோல் ஹார்பர் பக்கம் போனபோது, தண்ணீரிலிருந்து எழும்பிய கடல் விமானம் ஒன்று எங்களுக்கு மிக அருகில் கடந்து சென்றது. அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கிறதே, படகுகளையும் அவர்கள் கவனித்துக்கொள்ள மாட்டார்களா? யாருக்கு யார் வழிவிட வேண்டும்? இதை எங்கே தெரிவிப்பது?

பதில்: அந்தக் கோபுரம் நகர மையத்தில் ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில், ஏறத்தாழ 142 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது, அங்கிருந்து உங்கள் படகு நன்றாகவே தெரியும். ஆனால், கட்டுப்பாட்டாளரின் அதிகாரம் விமானங்கள் மீது மட்டுமே செல்லும். துறைமுக நீர்ப்பரப்பு துறைமுக ஆணையத்தின் பொறுப்பு; கப்பல் போக்குவரத்தைக் கடலோரக் காவல் படையின் மையம் கடல் வானொலியின் 12ஆம் சேனலில் கவனிக்கிறது. விமான வானொலி 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், உங்கள் படகின் வானொலி 156 மெகாஹெர்ட்ஸ் அருகிலும் இயங்குவதால், கோபுரம் பேசுவது உங்களுக்கு ஒருபோதும் கேட்காது. உங்களைக் கண்டால் கட்டுப்பாட்டாளர் விமானியிடம் சொல்லலாம். உங்களிடம் சொல்ல அவருக்கு வழியில்லை. என் பார்வையில், இந்தத் துறைமுகத்தின் மிகப் பெரிய பாதுகாப்பு இடைவெளி இதுதான்.

2024 ஜூன் 8 அன்று இதே துறைமுகத்தில், மேலெழும்ப ஓடிக்கொண்டிருந்த ஒரு பீவர் வகைக் கடல் விமானம் உல்லாசப் படகு ஒன்றின் மீது மோதியது, படகிலிருந்தோர் காயமடைந்தனர். படகு வருவது பற்றிக் கட்டுப்பாட்டாளர் விமானியை முன்கூட்டியே எச்சரித்திருந்தார் என்பதுதான் நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது. எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது.

அதற்குக் காரணம், இந்த விமானங்கள் தண்ணீரில் இயங்கும் விதம். விமானி முழு விசை கொடுத்ததும் மிதவைகளின் பின்பகுதி நீரில் அமிழ்ந்து, முன்பகுதி மேல்நோக்கி உயர்கிறது. பீவரின் பெரிய எஞ்சின் மூக்கு அந்தச் சில வினாடிகளுக்கு நேர் எதிரே இருப்பதை முழுவதுமாக மறைத்துவிடும். வேகம் கூடி, மிதவைகள் நீரின் மேற்பரப்பில் வழுக்கத் தொடங்கிய பிறகே பார்வை திரும்பக் கிடைக்கும். அதற்குள் அவர் வெகுதூரம் ஓடிவிட்டிருப்பார். கடல் விமானத்துக்குத் தண்ணீரில் பிரேக் கிடையாது. மேலும், மோதும் பாதையில் வரும் பொருள் பார்ப்பவர் கண்ணுக்கு இடப்புறமோ வலப்புறமோ நகராமல் ஒரே புள்ளியில் நின்று, கடைசி நேரத்தில்தான் சட்டெனப் பெரிதாகும். நகராத பொருளை நம் கண் எளிதில் தவறவிடும்.

2019 மே மாதம் அலாஸ்காவின் கெச்சிக்கன் அருகே இரண்டு கடல் விமானங்கள் நல்ல வெளிச்சத்தில் நடுவானில் மோதி ஆறு பேர் இறந்தபோது, கண்ணால் பார்த்து விலகும் முறைக்கு இயல்பாகவே உள்ள வரம்புகளையே அமெரிக்கப் புலனாய்வு வாரியம் முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டது. அவற்றை ஓட்டியவர்கள் பயிற்சி பெற்ற விமானிகள். படகோட்டியான நீங்களும் கண்ணை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் இருக்கிறது. பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளின் 18ஆம் விதிப்படி, நீரில் இருக்கும் கடல் விமானம் பொதுவாக எல்லாக் கலங்களிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும். மோதும் அபாயம் ஏற்பட்டால் மட்டும் அதுவும் மற்றக் கலங்களைப் போலவே விதிகளைப் பின்பற்ற வேண்டும். ஆனால், முன்னால் பார்க்க முடியாத ஒருவர் உங்களுக்கு வழிவிடுவார் என்று காத்திருக்காதீர்கள். உயிர்களோடு சம்பந்தப்பட்ட இடத்தில் முன்னுரிமையை விட்டுக்கொடுப்பதில் எந்த இழப்பும் இல்லை.

கோல் ஹார்பருக்கு வெளியே கடல் விமானங்கள் இறங்கி எழும்பும் பகுதி எது என்பதைத் துறைமுக ஆணையத்தின் வழிகாட்டியில் பார்த்து, உங்கள் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றியே செல்லுங்கள். சிறு படகுகள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று ஆணையமே கேட்டுக்கொள்கிறது. புறப்படும் முன் காற்றின் திசையைப் பாருங்கள். விமானங்கள் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும் என்பதால், அன்றைய ஓட்டப்பாதை ஏறக்குறைய எந்தக் கோட்டில் அமையும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். எஞ்சின் உறுமி மூக்கு உயரத் தொடங்கிய விமானத்தின் முன்னால் ஒருபோதும் குறுக்கிடாதீர்கள். கடக்க வேண்டுமானால் அதன் பின்புறமாகவே கடந்து செல்லுங்கள். வேகமாகச் சென்று பெரிய அலைகளை எழுப்பிவிட்டுப் போவதும், இறங்கும் விமானத்தைத் துள்ளவைத்து நிலைகுலையச் செய்யும். விக்டோரியா துறைமுகத்துக்குச் செல்வீர்களானால், அங்கே விமானம் எழும்பவோ இறங்கவோ போகிறது என்பதை வெள்ளை மின்னொளி விளக்குகள் படகுகளுக்கு அறிவிக்கும். அவை மின்னினால் பாதையை விட்டு விலகியே இருங்கள்.

உங்களுக்கு நேர்ந்ததைத் துறைமுக ஆணையத்திடம் தெரிவியுங்கள். பெயர் வெளியாகக் கூடாது என்று விரும்பினால், கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடத்தும் செக்யூரிட்டாஸ் என்ற இரகசிய அறிவிப்புத் திட்டத்துக்கு எழுதலாம். அது கடல், வான் இரண்டுக்கும் பொருந்தும். நேரம், காற்றின் திசை, உங்கள் ஜிபிஎஸ் இருப்பிடம், சி என்ற எழுத்தில் தொடங்கும் விமானப் பதிவெண் ஆகியவற்றை நினைவில் இருக்கும்போதே குறித்து அனுப்புங்கள். அப்போது நீங்கள் விமானப் பகுதிக்குள் இருந்திருந்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். படகுகள் எந்த இடத்தில் வழிதவறி உள்ளே வருகின்றன என்பது அத்தகைய அறிவிப்புகளிலிருந்துதான் அதிகாரிகளுக்குத் தெரியவரும்.