போகாத பாதையைப் பற்றிய கவிதை

ஈசூனிலிருந்து ஒரு தந்தை: மகள் உயர்நிலை 3ல் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ராபர்ட் ஃபிராஸ்டின் இரண்டு பாதைக் கவிதைக்கு, 'ஊரோடு போகாதே, துணிந்து தனி வழியில் போ' என்பதுதான் பொருள் என்று துணைப்பாட வகுப்பில் எழுதிக் கொடுத்தார்கள். அதையே பள்ளியிலும் எழுதினாள். ஆசிரியை பக்கத்தில் 'எந்த வரியில்?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். யார் சொல்வது சரி, டீச்சர்?

ஆசிரியை கேட்டதுதான் சரியான கேள்வி. 20 வரிக் கவிதைதான் அது. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இலைகள் மஞ்சளாகிவிட்ட காட்டில் வழி இரண்டாகப் பிரிகிறது. கவிதை சொல்பவன் ஒரு வழியை, அது புதருக்குள் வளைந்து மறையும் இடம்வரை நின்று பார்க்கிறான். அப்புறம் மற்றதில் போகிறான். அதில் புல் மண்டியிருக்கிறது, ஆள் நடமாட்டம் குறைவு போலத் தெரிகிறது. பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் உடனேயே அவன் தன்னைத் திருத்திக்கொள்கிறான்: நடந்து நடந்து இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன. மூன்றாம் பத்தி இன்னும் தெளிவு. அன்று காலை இரண்டிலுமே எவர் காலும் மிதித்துக் கறுக்காத இலைகள் கிடந்தன.

சரி, 'ஆள் அதிகம் போகாத வழியில் போனேன், எல்லா வித்தியாசமும் அதனால்தான்' என்று கடைசியில் வருகிறதே? அதற்குச் சற்று மேலே உள்ள வினைச்சொல்லை மகளிடம் காட்டுங்கள். எதிர்காலம். எத்தனையோ காலம் கழித்து, ஒரு பெருமூச்சோடு இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்கிறான். 'நான்' என்றதும் வரி முறிகிறது. அடுத்த வரி மறுபடியும் 'நான்' என்றே தொடங்குகிறது. நாக்குத் தடுமாறும் அந்த இடத்தை 30 வருடம் வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் அங்கே ஒரு கணம் அமைதியாகிவிடுவார்கள்.

என் அப்பா 1951ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். கப்பல் முதலில் பினாங்கைத் தொடும். அங்கே அவருடைய மாமாவுக்கு மளிகைக் கடை இருந்தது. இறங்கினால் வேலை தயார். அப்பா இறங்கவில்லை. சிங்கப்பூர்வரை வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், நான் சிறுமியாக இருந்தபோது, "மாமா கோபக்காரர், பயந்துட்டேன்" என்பார். நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்த வருடம், "பிள்ளைங்களைப் படிக்கவைக்க இதுதான் ஊருன்னு அன்னைக்கே தோணிச்சு" என்றார். கப்பலில் வந்தபோது அவருக்கு வயது 19. கல்யாணமே ஆகவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பிறகு அமைந்த வாழ்க்கையை வைத்துப் பழைய முடிவுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார், அதை முழுமனதோடு நம்பவும் செய்தார். குவீன்ஸ்டவுன் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு விடுவார் பாருங்கள், அந்தக் கடைசிப் பத்தி எனக்கு அந்த மூச்சுதான். கவிதையின் தலைப்பே போகாத பாதையைப் பற்றியது. அப்பாவுக்கு அது பினாங்கு.

மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அமெரிக்கரான ஃபிராஸ்ட் இங்கிலாந்தில் இருந்த நாட்களில் எட்வர்ட் தாமஸ் என்ற எழுத்தாளரோடு 1914ல் குளோஸ்டர்ஷியர் கிராமப்புறங்களில் நிறைய நடந்தார். எந்த வழியில் போனாலும், மற்ற வழியில் போயிருக்கலாமே என்று தாமஸ் வருந்துவாராம். நண்பரின் அந்தக் குணத்தைச் செல்லமாகச் சீண்டி எழுதிய கவிதை இது. தாமஸுக்கோ அது விளையாட்டாகப் படவில்லை. 1915ல் படையில் சேர்ந்தார், 1917 ஏப்ரலில் பிரான்சில் ஆராஸ் போரில் மாண்டார். இது தெரிந்தபின் என்னால் அந்தக் கவிதையைத் துணிச்சல் வாசகமாகப் படிக்கவே முடிவதில்லை. தேர்வில் அவள் என்ன முடிவுக்கும் வரட்டும். அந்தப் பெருமூச்சு நிம்மதியா வருத்தமா என்று மட்டும் வரியைக் காட்டி எழுதட்டும்.

புக்கிட் பாத்தோக், உயர்நிலை 4 மாணவர்: ஃபிராஸ்டின் பனிக்காட்டுக் கவிதையில் 'காடு என்றால் மரணம்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

முதலில் காடு காடாகவே இருக்கட்டும், தம்பி. வருடத்திலேயே மிக இருண்ட மாலை. ஏரி உறைந்து கிடக்கிறது. ஏன் நின்றோம் என்று கேட்பதுபோல் குதிரை மணியை ஆட்டுகிறது. காடு அழகாக, இருளாக, ஆழமாக இருக்கிறது. ஆனால் கொடுத்த வாக்குகள் இருக்கின்றன. உறங்குவதற்குமுன் வெகுதூரம் போகவேண்டும். இந்தத் தூர வரி இரண்டு முறை வருகிறது. முதல் முறை அது வீட்டுக்குப் போகும் தூரம்தான். ஒரு சொல்கூட மாறாமல் மறுபடி வரும்போது 'உறக்கம்' கனத்துவிடுகிறது. மரணம் என்று எழுத விரும்பினால் அந்த இரண்டாவது முறையைக் காட்டி எழுதுங்கள்.

ஓசையையும் கவனியுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் மூன்றாம் வரி மட்டும் தனித்து நிற்கும். அதன் ஓசை அடுத்த பத்திக்கு இயைபாகிவிடும். நம் அந்தாதியைப்போல ஒன்று அடுத்ததை இழுத்துக்கொண்டே போகிறது. கடைசிப் பத்தியில் நான்கு வரிக்கும் ஒரே ஓசை. இழுக்க ஒன்றும் மிச்சமில்லை.

தோ பாயோவிலிருந்து 68 வயது வாசகி: பள்ளியில் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையை மனப்பாடம் செய்தேன். அந்தப் பூவை இன்றுவரை பார்த்ததில்லை. பார்க்காத பூவைப் பற்றி ஒப்பித்ததெல்லாம் வீண்தானா, டீச்சர்?

வீண் இல்லவே இல்லை. மேகம்போல் தனியாக அலைந்தேன் என்கிறாரே, உண்மையில் அன்று அவர் தனியாக இல்லை. 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் தங்கை டோரத்தியும் கூட நடந்தார். சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லில் தலைசாய்த்துக் கிடந்ததையும், மற்றவை காற்றில் ஆடியதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர் அவர்தான். கவிதை அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. தனிமையின் இன்பமான அகக்கண்ணில் பூக்கள் பளிச்சிடும் என்ற அந்த இரண்டு வரி, மனைவி மேரி கொடுத்தது.

எழுதும்போது அவர் முன்னாலும் பூ இல்லை. சாய்ந்து படுத்துக்கொண்டு நினைவில் பார்த்ததைத்தான் சொல்கிறார். அதைச் சொல்லும்போது எனக்குள் எழுவது அங்சானா மரம். ஒரே நாள் பூத்து, மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி மஞ்சளாகக் கொட்டிக் கிடக்குமே, அது. உங்களுக்கு எந்தப் பூ வருகிறது, எழுதுங்கள்.