மந்தலியிலிருந்து லுக்லா: 17 நிமிடப் பயணத்துக்கு எத்தனை நாள் ஒதுக்குவது?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவர் கேட்டிருக்கிறார்: நேபாளத்தின் மந்தலி விமான நிலையத்துக்கும், மலை நடை தொடங்கும் லுக்லாவுக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும், இறங்கிய அன்றே நடக்கத் தொடங்கலாமா?

நேர்க்கோட்டில் பார்த்தால் சுமார் 75 கி.மீ. ட்வின் ஆட்டர் மாதிரியான சின்ன விமானம் பதினைந்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் இறக்கிவிடும். நான் போனது 17 நிமிடம். ஆனால் அதற்காக மந்தலியில் ஒன்றரை நாள் காத்துக் கிடந்தேன். அதனால் தூரத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

காத்மாண்டுவிலிருந்தே லுக்லாவுக்கு நேரடி விமானம் உண்டு. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். மலையேற்றக் காலத்தில் காத்மாண்டு ஓடுதளத்தில் நெரிசல் என்பதால் பெரும்பாலான விமானங்களை மந்தலிக்கு மாற்றிவிடுவார்கள். அப்போது நள்ளிரவு தாண்டியதும் காத்மாண்டுவிலிருந்து வண்டியேறி, நாலைந்து மணி நேரம் மலைப்பாதையில் வளைந்து வளைந்து வர வேண்டும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு காத்திருப்பு? லுக்லாவில் விமானி ஓடுதளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். அதன் நீளமே 527 மீட்டர்தான். அதுவும் சரிவு, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 60 மீட்டர் உயர வித்தியாசம், அதாவது இருபது மாடிக் கட்டடத்தின் உயரம். மேட்டைப் பார்த்து இறங்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். மேல் முனைக்குப் பின்னால் மலை நிற்பதால், கடைசி நேரத்தில் மறுபடி மேலே தூக்கிச் சுற்றி வர வழியில்லை. அங்கே மேகம் என்று தகவல் வந்தால் இங்கே விமானம் அசையாது. மந்தலியில் எங்களுக்கு நல்ல வெயில், சட்டை நனைய வேர்த்தது, லுக்லாவில் மூட்டம். பெரும்பாலும் காலைப் பொழுதுதான் தெளிவாக இருக்கும், மதியம் நெருங்கினால் காற்றும் மேகமும் வந்துவிடும். முடிந்தவரை காலையின் முதல் விமானத்திலேயே டிக்கெட் போடுங்கள்.

மறுநாள் காலை பெயர் கூப்பிட்டார்கள். பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் நீட்டினார்; பஞ்சு காதில் வைக்க, இரைச்சல் அப்படி. இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், பனிமலைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். விமானியறைக்குக் கதவு மூடவில்லை. முன் கண்ணாடி வழியாக அந்தக் கறுப்புத் துண்டு ஓடுதளம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சக்கரம் தொட்டதும் மேட்டில் ஏறி, வேகம் தானாகக் குறைந்தது. பக்கத்து இருக்கை அம்மா அப்போதுதான் என் கையை விட்டார்.

அன்றே நடக்கலாம், பாக்டிங் என்ற கிராமம் வரைக்கும். மூன்று நான்கு மணி நேர நடை. லுக்லா 2,845 மீட்டர், பாக்டிங் அதைவிடத் தாழ்வு, சுமார் 2,600. கால் மணி நேரத்தில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவந்த உடம்புக்கு முதல் இரவு அங்கே தங்குவது நல்லது. இன்னும் உயரத்தில் இருக்கும் நாம்சே பஜார் வரை ஒரே மூச்சில் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

திரும்பும்போதும் இதே கதைதான். ஊருக்கு வரும் விமானத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு நாளாவது சும்மா விட்டு வையுங்கள்.