மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் ஒலி

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. ஓராண்டுக்குள் நான்கு முறை, நள்ளிரவில் நாய் குரைப்பதுபோல இருமி, குரல் கட்டி, மூச்சு இழுத்தது. ஒவ்வொரு முறையும் ‘குரூப்’ என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். கடைசி முறை கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நானே கொடுத்தேன். எட்டாம் மாதத்தில் பிறந்து சில நாள் வென்டிலேட்டரில் இருந்த குழந்தை. இது மணலி ஆலைப் புகையா, ஆஸ்துமாவா, தொண்டை அடைப்பானா? தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: குரூப் என்பது குரல்வளையும் அதன் கீழுள்ள மூச்சுக்குழாயும் வீங்கிக் குறுகும் நோய். தூக்கத்தில் ஓசையின்றி மூச்சை நிறுத்துவது அதன் இயல்பு அல்ல; மூச்சுத் திணறினால் குழந்தை விழித்து அழுது வீட்டையே எழுப்பிவிடும். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பற்றி இணையத்தில் படித்ததையும் ஒதுக்கி வையுங்கள். 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளையும் ஒன்றரை வயது ஊக்கத் தவணையையும் போட்டிருந்தால் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. தவிர, நான்கு முறை வந்து ஓரிரு நாளில் தானே தெளிகிற நோயும் அதுவல்ல. ஆலைப் புகை எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் இதற்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வென்டிலேட்டர் செய்திதான் என்னை நிறுத்தியது. வைரஸ் கிருமியால் ஒரு முறை குரூப் வருவது ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளிடம் சர்வ சாதாரணம். அது திரும்பத் திரும்ப வந்தால், ‘குரூப்’ என்று பெயர் சொல்வதோடு நோயறிதல் முடிந்துவிடாது. ஏன் வருகிறது என்று தேட வேண்டும். குரல் நாண்களுக்குக் கீழே மூச்சுக்குழாயைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. அது வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்காது. 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினாலே காற்று செல்லும் பரப்பு கால் பங்காகச் சுருங்கிவிடும். வென்டிலேட்டர் குழாய் உராய்ந்த இடத்தில் தழும்பு விழுந்து அந்த வளையம் ஏற்கெனவே குறுகியிருந்தால், மற்றக் குழந்தைகளுக்குச் சளியோடு போகிற வைரஸ் உங்கள் மகனுக்கு ஒவ்வொரு முறையும் குரூப்பாக முடியும். இரைப்பை அமிலம் மேலேறுவதும் ஒவ்வாமையும்கூட இப்படிச் செய்யலாம். ஆனால் இருக்கிறதா இல்லையா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டியது இந்தக் குறுகலைத்தான்.

ஆகவே ஒன்றை மட்டும் கவனியுங்கள். சளி இல்லாத நாளில், ஓடி விளையாடும்போதோ உறங்கும்போதோ, மூச்சை உள்ளே இழுக்கையில் கரகரவென்ற ஒலி கேட்கிறதா? (ஆஸ்துமாவின் விசில் ஒலி பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது வரும்.) கேட்டால், சட்டையைக் கழற்றி, மார்பு தெரியும்படி கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வையுங்கள். எக்ஸ்ரேயைவிட அது எங்களுக்குப் பயன்படும். ஒலி கேட்காவிட்டாலும், பிறந்தபோது குழாய் போடப்பட்ட உங்கள் மகனுக்குக் குரல்வளையையும் மூச்சுக்குழாயையும் உள்நோக்கி (எண்டோஸ்கோப்) மூலம் பார்த்தே ஆக வேண்டும். இருமல் நன்றாக ஆறிச் சில வாரங்கள் கழித்து, மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள்.

நோய் வந்திருக்கும்போது, அழாமல் அமைதியாக இருக்கையிலும் அந்த ஒலி கேட்டாலோ, விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். ஒலி குறைந்து குழந்தை சோர்ந்து போவதைத் தேறிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள், அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான கட்டம்.

சொட்டு மருந்து விஷயத்தில் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். குரூப்புக்கு ஸ்டீராய்டு சரியான மருந்துதான். குழந்தையின் எடைக்குக் கணக்கிட்டு, பெரும்பாலும் ஒரே வேளை, மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் எடுத்துத் தருவதை அடிக்கடி கொடுத்தால் வளர்ச்சி பாதிக்கப்படும். வீக்கம் தற்காலிகமாக வடிவதால் அடியிலுள்ள குறுகலும் கண்ணில் படாமல் தள்ளிப்போகும். ஆவி பிடிப்பதும் வேண்டாம். அதனால் குரூப் குறைவதில்லை, வெந்நீர் கொட்டி வெந்துபோன குழந்தைகள்தான் வருகிறார்கள்.

ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு உங்களுக்குப் பக்கம். குழாய் எத்தனை நாள் இருந்தது என்று எழுதியுள்ள, பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.