ஆபரேட்டர் தாத்தா பதில்கள்

கார்பன் விளக்குக் காலத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து பயாஸ்கோப்புகளில் (சினிமா தியேட்டர்களில்) படம் ஓட்டியவர், வாசகர்களின் சினிமாக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: ‘ஓல்ட்பாய்’ என்ற இங்கிலீஷ் படத்தை மகன் வீட்டில் பார்த்தேன். நடுவில் எதையோ விட்டுவிட்டேனோ என்று தோன்றியது. “இது ரீமேக்மா, கொரியாக்காரன் எடுத்ததுதான் படம்” என்கிறான் மகன். அப்படி என்ன வித்தியாசம்?
– வாசகி, மெரிபாங்க்

ப: நான் உங்கள் மகன் கட்சி. ஆனால் ரீமேக் எடுத்தவரையும் ரொம்பத் திட்டாதீர்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் அறையில் அடைக்கிறார்கள். யார் அடைத்தது, எதற்கு, எத்தனை நாளைக்கு, ஒன்றும் தெரியாது. வேளாவேளைக்குச் சாப்பாடு, பேச்சுத்துணைக்கு ஒரு டிவி, அவ்வளவுதான். பல வருஷம் கழித்து ஒரு நாள் வெளியே விட்டுவிடுகிறார்கள். அடைத்தவனை அவன் தேடிப் போவது மீதிப் படம். மூலம் ஒரு ஜப்பானியச் சித்திரக்கதை. பார்க் சான்-வூக் அதை 2003இல் கொரியாவில் எடுத்தார். அடுத்த வருஷம் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் ப்ரீ கிடைத்தது. நடுவர் குழுவுக்குத் தலைவர் அமெரிக்க இயக்குநர் டாரன்டினோ. ரத்தத்தைக் கண்டு முகம் சுளிக்கிற ஆளா அவர்!

கொரியப் படத்தில் சிறைவாசம் 15 வருஷம். உள்ளே இருப்பவனுக்குத் தினமும் அதே பொரித்த கொழுக்கட்டை. வெளியே வந்ததும் கடை கடையாக ஏறி இறங்கிக் கொழுக்கட்டை தின்று பார்க்கிறான். ஒரு கடையில் வாயில் வைத்ததுமே தெரிந்துவிடுகிறது. அங்கிருந்து சாப்பாடு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து போய், தன்னை அடைத்து வைத்த கட்டடத்தையே பிடித்துவிடுகிறான். 15 வருஷம் என்று எழுத்துப் போட்டிருந்தால் எனக்கு உறைத்திருக்காது. அந்த நாக்கைப் பார்த்தபோது உறைத்தது.

அப்புறம் அந்தச் சுத்தியல் சண்டை. ஒரு நீண்ட நடைபாதை, ஒரு பக்கம் இவன், மறுபக்கம் ஒரு கூட்டம். கேமரா பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டே போகிறது, வெட்டே கிடையாது. மூன்று நாள், 17 டேக் எடுத்தார்களாம். அதில் கம்ப்யூட்டர் வேலை என்றால் முதுகில் குத்தி நிற்கும் கத்தி மட்டும்தான். அடிப்பவனும் மூச்சிரைக்கிறான், அடி வாங்குபவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நிஜத்தில் சண்டை அப்படித்தானே இருக்கும்?

அமெரிக்கப் படம் 2013இல் வந்தது. இயக்கம் ஸ்பைக் லீ, நாயகன் ஜோஷ் ப்ரோலின். சிறைவாசத்தை 20 வருஷமாக்கினார்கள். லீ முடித்து வைத்த படம் 140 நிமிடம்; தயாரிப்பாளர்கள் கத்திரி போட்டுத் தியேட்டருக்கு அனுப்பியது 104. கொரியப் படமே 120 நிமிடம்தானே என்று கேட்பீர்கள். அது 120க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இது பெரிய ஆளுக்குத் தைத்துவிட்டுப் பிறகு கையை வெட்டின சட்டை. உங்களுக்கு எதையோ விட்ட மாதிரி தோன்றியதற்குக் காரணம் அதுதான். லீ வழக்கமாகத் தன் படங்களில் ‘ஸ்பைக் லீ ஜாயின்ட்’ என்று போடுவார். இதில் வெறும் ‘ஸ்பைக் லீ ஃபிலிம்’. கோபத்தை அங்கே காட்டிவிட்டார். லீ முடித்த நீளப் படம்தான் தனக்குப் பிடித்தது என்று ப்ரோலினும் பேட்டியில் சொன்னார். சுமார் 3 கோடி டாலர் போட்டு எடுத்த படம், உலகம் முழுவதும் சேர்த்து வசூல் 50 லட்சத்துக்கு அக்கம்பக்கம்.

நடுவில் பம்பாய்க்காரர்களும் கை வைத்தார்கள். 2006இல் சஞ்சய் தத் நடித்த ‘ஜிந்தா’. முடிவை மாற்றிவிட்டார்கள். முடிவுதான் அந்தக் கதையே!

கே: அந்த இங்கிலீஷ் ‘ஓல்ட்பாய்’ வில்லன் நம் நாட்டுக்காரராமே?
– வாசகர், டொங்காட்

ப: ஆமாம், ஷார்ல்டோ காப்லி. பிரிட்டோரியாவில் பிறந்தவர். 2009இல் வந்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’இல் ஜோஹானஸ்பர்க் ஆபீசராக வருவாரே, காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடு, வீட்டைக் காலி பண்ணு என்று வாசல் வாசலாகப் போவாரே, அவர்தான். எந்த இனத்தார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட நம் ஆட்களுக்கு அந்த மாதிரி ஆபீசரை நன்றாகவே தெரியும். அந்த நடிப்புக்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன். ‘ஓல்ட்பாய்’இல் பிரபு வீட்டுப் பிள்ளை மாதிரி இழுத்து இழுத்துப் பேசுகிறார், கொஞ்சம் ஓவர். கொரிய வில்லன் யூ ஜி-டே சத்தமே போடுவதில்லை, மெல்லச் சிரிக்கிறார். பயம் அங்கேதான்.

கே: தாத்தா, ‘கஜினி’யும் ரீமேக்தானே? அது மட்டும் எப்படி ஓடியது?
– வாசகர், ஃபீனிக்ஸ்

ப: கரு ஹாலிவுட் இயக்குநர் நோலனின் ‘மெமென்டோ’விலிருந்து வந்தது. ஞாபகம் நிற்காத ஆள், உடம்பெல்லாம் பச்சை குத்தல், கையில் போட்டோ, மனசில் பழி. முருகதாஸ் 2005இல் சூர்யாவை வைத்துத் தமிழில் எடுத்தார், 2008இல் ஆமிர் கானை வைத்து இந்தியில் அவரே எடுத்தார். தமிழில் பிரதீப் ராவத் இரட்டை வில்லன். இந்தியில் ஒரே வில்லன்தான், அவன் பெயரே கஜினி. அசின் இரண்டிலும் உண்டு. இந்திப் படம் இந்தியாவில் மட்டும் 100 கோடி ரூபாய் தாண்டியது.

‘மெமென்டோ’ இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. முருகதாஸ் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். அந்த அதிகப்படி நேரத்தில் கல்பனா என்ற பெண் பொய் சொல்கிறாள், விளம்பரத்தில் நடிக்கிறாள், ஊருக்கெல்லாம் உதவி செய்கிறாள். பார்க்கிறவன் அவளை வீட்டுப் பெண்ணாக நினைத்த பிறகுதான் அவள் தலையில் அடி விழுகிறது. பழி வாங்கும் படத்தில் ஜனங்களுக்கு முதலில் பறிகொடுக்க ஏதாவது வேண்டும். 27 வருஷம் சிறையில் இருந்தவர் வெளியே வந்து பழி வாங்காமல் ஜனாதிபதியான நாடு இது. இங்கேயே ஆமிர் கான் அடிக்கும்போது கை தட்டுகிறார்கள் என்றால் காரணம் அந்தப் பெண்தான்.

கே: கத்திரியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் தியேட்டரில் படத்தை வெட்டியதே இல்லையா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: வெட்டாமல்? சாட்ஸ்வொர்த் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் ராத்திரி ஆட்டம் நேரத்துக்கு முடிந்தாக வேண்டும். தமிழ்ப் படமோ மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. முதலாளி மாடி ஏறி வந்து, “எங்கேயாவது பத்து நிமிஷம் எடுத்துடு” என்பார். (தியேட்டர் பெயர் வேண்டாம், இடமே இப்போது துணிக்கடை.) ஃபிலிமை வெட்டி, ஓரத்தில் பிளேடால் மருந்தைச் சுரண்டி, பசை தடவி, அமுக்கிப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். ஆட்டம் மாறும்போது திரும்ப ஒட்டி வைக்க வேண்டும்; துண்டுகளைத் தகர டப்பாவில் வரிசை மாறாமல் வைத்திருப்பேன்.

பாட்டை எடுத்தால் மாட்டிக்கொள்வோம். ரெகார்டு கேட்டுப் பாட்டெல்லாம் மனப்பாடம், கீழேயிருந்து “டேய் ஆபரேட்டர், பாட்டு எங்கேடா?” என்று குரல் வரும். சண்டையில் கை வைத்தால் நாற்காலி உடையும். ஆகவே எப்போதும் போவது முன்பாதியில் அம்மா அழுகிற காட்சிதான். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் மதிய ஆட்டத்துக்கு முழுப் படமும் ஓடும், கடைசியில் வில்லன் முதல் அடி வாங்கும்போது விசில் என் அறைக் கண்ணாடியை அதிர வைக்கும். ராத்திரி ஆட்டத்தில் அதே அடி, அதே சத்தம், அதே கூட்டம், விசில் பாதிதான். அம்மா அழுததைப் பார்க்காதவனுக்கு அவன் மேல் என்ன கோபம் வரும்? முதலாளியிடம் சொன்னேன். “பஸ் நிற்காது” என்றார்.

கே: கொரியப் படத்தில் ஆக்டபஸை உயிரோடு தின்கிறாரே, நிஜமா? பேத்தியோடு பார்க்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

ப: நிஜம்தான். டேக் சரியாக வரும்வரை நாலு போயின. நடித்த சோய் மின்-சிக் பௌத்தர். ஒவ்வொன்றுக்கும் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் வாயில் வைத்தாராம். கான் விழாவில் பரிசு வாங்கும்போது பார்க் அந்த ஆக்டபஸ்களுக்கும் நன்றி சொன்னார்.

பேத்தி வயது வந்தவளாக இருந்தால் தனியாகப் பார்க்கட்டும், நீங்களும் தனியாகப் பாருங்கள். குடும்பமாக, அதிலும் அப்பாவும் மகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை அது. ஏன் என்று கேட்டால் கதையைச் சொல்ல வேண்டிவரும். புரட்டாசி விரதம் இருக்கிறவர்கள் மாதம் முடிகிற வரைக்கும் தள்ளிப் போடுங்கள்.