கண் நலம்: தாத்தாவின் சொட்டு மருந்தைப் பேரனுக்கு விடலாமா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 6 வயது. நேற்று முதல் வலது கண் சிவந்து, மஞ்சளாகப் பீளை தள்ளுகிறது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு கண்ணைத் திறக்கவே முடியவில்லை. மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது வாங்கிய சொட்டு மருந்து பாதி பாட்டில் மீதி இருக்கிறது. “அதுவும் ஆன்டிபயாடிக்தானே, ரெண்டு சொட்டு விடு, சரியாயிடும்” என்கிறார் என் மாமியார். விடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: விடாதீர்கள். அந்த பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்துப் பாருங்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டு மருந்தில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால் என்று எதாவது ஒரு பெயர் தென்பட்டால் அது ஸ்டீராய்டு. மருந்தின் பெயருக்குப் பின்னால் ‘டி’, ‘டிஎம்’, ‘எல்பி’ என்று ஒட்டியிருப்பதும் பல நேரம் இதைத்தான் சொல்கிறது.

ஸ்டீராய்டு சிவப்பை மளமளவென்று குறைத்துவிடும். அதனால்தான் எனக்கு அதன் மேல் இவ்வளவு பயம். கண் வெளுத்ததும் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ இருந்தால், உள்ளே அது தடையில்லாமல் கருவிழியை அரித்துக்கொண்டிருக்கும். கதிர் அடிக்கும்போது நெல் தூசி கண்ணில் பட்டு, கடையில் கேட்டு வாங்கிய இப்படியொரு மருந்தை விட்டுக்கொண்டு, கருவிழியில் வெள்ளைப் புண்ணோடு வந்து நிற்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஸ்டீராய்டை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும். குழந்தைகளிடம் அது இன்னும் சீக்கிரம் ஏறக்கூடும்.

சரி, பையனுக்கு என்ன செய்வது? கெட்டியான மஞ்சள் பீளை, துடைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி சேர்வது, இமை ஒட்டுவது எல்லாம் பாக்டீரியா தொற்று மாதிரிதான் தெரிகிறது. ‘மெட்ராஸ் ஐ’ என்று ஊரே சொல்வது பெரும்பாலும் வைரஸால் வருவது. அதில் கண் தண்ணீராக வடியும், சளியோ தொண்டை வலியோ கூட இருக்கும். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. இரண்டையும் கடிதத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மாக்சிஃப்ளாக்சசின் மாதிரி ஸ்டீராய்டு கலக்காத மருந்தை எழுதினால், வழக்கமாக ஒரு வேளைக்கு ஒரு சொட்டு, நாளுக்கு 3 வேளை, 7 நாள். வேறு மருந்தென்றால் கணக்கு மாறும், சீட்டில் இருப்பதுதான் கணக்கு. மூன்றாம் நாளே கண் பளிச்சென்று ஆனாலும் சொன்ன நாள் வரை விடுங்கள்.

ஒரு சொட்டு போதும். கண்ணுக்குள் தங்குவதே ஒரு சொட்டைவிடக் குறைவு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும்.

விடுவதற்கு முன் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஆறவைத்த வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பீளையைத் துடையுங்கள். ஒரு பஞ்சை ஒரு தடவைக்கு மேல் உபயோகிக்க வேண்டாம். 6 வயதுப் பையன் கண்ணைத் திறந்து காட்டுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அப்புறம் கண்ணைத் திறக்கச் சொன்னால் மருந்து தானாக உள்ளே இறங்கும். கையைக் காலைப் பிடித்து அழவைத்தால் கண்ணீரோடு மருந்தும் போய்விடும். பாட்டில் முனை இமையிலோ விரலிலோ படக்கூடாது; பட்டால் பீளையில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போகும். அதே காரணத்துக்காக, வீட்டில் இன்னொருவருக்குக் கண் சிவந்தாலும் இந்த பாட்டிலைக் கொடுக்காதீர்கள். அவனுடைய துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும்.

2, 3 நாளில் குறையவில்லை என்றாலும், நல்ல வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடுங்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குப் பீளை தள்ளினால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், தாய்ப்பால் பீய்ச்சுவதும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்குக் கண் சிவந்தால் முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி: கண்ணில் சொட்டு மருந்து விட்டதும் தொண்டையில் கசக்கிறது. பயப்பட வேண்டுமா? திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பயம் வேண்டாம். கண்ணீர் வடியும் குழாய் வழியாக மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது, அவ்வளவுதான். விட்டவுடன் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். கசப்பு குறையும், மருந்தும் கண்ணிலேயே நிற்கும். இரண்டு விதமான சொட்டு மருந்து இருந்தால் நடுவே 5 நிமிடம் விடுங்கள். திறந்த தேதியை பாட்டிலிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். லேபிளில் இன்னும் ஒரு வருடம் தவணை இருந்தாலும், திறந்து ஒரு மாதம் ஆனால் மீதியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.