பட்டம் எதற்கு? பாதியில் விட்டுவிடலாமா?

கேள்வி: டர்பன் பல்கலையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பட்டம் வாங்கிய சீனியர்கள் கால் சென்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள், எலக்ட்ரீஷியன் பயிற்சியில் சேர்ந்த என் தம்பியோ இப்போதே கையில் காசு பார்க்கிறான். அப்பாவின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ராண்டைக் கொஞ்சம் தாண்டுவதால் என்எஸ்எஃப்ஏஎஸ் (தென்னாப்பிரிக்க அரசின் மாணவர் நிதியுதவித் திட்டம்) உதவித்தொகையும் இல்லை. விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: கோபம் நியாயம்தான் அம்மா. ஏழையும் இல்லை, பணக்காரரும் இல்லை என்று நடுவில் மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே ஏராளம், 2015-இல் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோதும் இந்தப் புலம்பல் கேட்டது.

ஆனால் என்ன வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே! சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் ஆவதென்றால் அங்கீகாரம் பெற்ற பட்டம் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. உங்கள் பி.காம். அந்த வகைதானா என்று முதலில் துறையில் கேளுங்கள், எல்லா பி.காம்.மும் ஒன்றல்ல. 'சும்மா ஏதோ ஒரு ஆபீஸ் வேலை' என்றால் சீனியர்கள் கதைதான்.

தம்பியும் சும்மா சம்பாதிக்கவில்லை, டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வில் தேறினால்தான் அவன் முழு எலக்ட்ரீஷியன், அதுவும் படிப்புதான் (நம் வீடுகளில் இதை யார் ஒத்துக்கொள்கிறார்கள்?).

1961-இல் நிறவெறி ஆட்சி இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் ஒதுக்கிய கல்லூரிக்குப் படகேறிப் போனார்களே, அதைச் சொல்லிப் பெரியவர்கள் உங்களை மிரட்டுவார்கள். அதற்காகப் படிக்க வேண்டாம். பாதியில் நின்றால் தேறிய பாடங்கள் மட்டும்தான் மிஞ்சும், பட்டம் வராது. சரி, விடுவதற்கு முன் பல்கலையின் நிதியுதவி அலுவலகத்தில் தனியார் பர்சரிகளை (உதவித்தொகைகளை)ப் பற்றி விசாரியுங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.