திரை தன் பெயரைச் சொல்லாதபோது: வாசகர் கேள்வி – பதில்

சிறு கணினிப் பலகைகளுடன் இணைக்கப்படும் திரைகளைப் பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வாசகர், பரந்தன்: எமது கூட்டுறவுக் கடையின் அறிவித்தல்களைக் காட்டுவதற்காக ஒரு சிறிய கணினிப் பலகையில் லினக்ஸ் நிறுவினோம். எச்டிஎம்ஐ மொனிற்றரில் படம் ஒழுங்காகத் தெரிந்தது. ரிப்பன் கேபிளால் இணைக்கும் ஏழு அங்குலத் திரைக்கு மாற்றியபின் படம் ஒரு பக்கமாக ஒதுங்கித் தெரிகிறது. திரை பழுதா?

பெரும்பாலும் பழுதாக இராது. எச்டிஎம்ஐ மொனிற்றர் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும் சாதனம். ஈடிஐடி எனப்படும் தரவுத் தொகுதி, அடிப்படை அளவில் 128 பைட், அதனுள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கேபிளைச் செருகியவுடன் கணினி அதனைப் படித்து, எத்தனை பிக்சல், எந்த வேகம், எவ்வளவு அகலம் என்பவற்றைத் தெரிந்துகொள்ளும். நீங்கள் வாங்கியதுபோன்ற வெறும் திரைத்தகடான பனலில் அத்தகைய தொகுதி இருப்பதில்லை. கணினி அனுப்பும் சைகைகளை அது வாங்கிக்கொள்ளுமே தவிர, தன்னைப் பற்றி எதனையும் திருப்பிச் சொல்லாது. ஆகவே அதன் இயல்புகளை யாராவது முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியுள்ளது; டிவைஸ் ட்ரீ எனப்படும் வன்பொருள் விவரக் கோப்பு அதற்காகவே இருக்கிறது.

படம் ஏன் ஒதுங்குகிறது என்பதற்குச் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். 800 × 480 பிக்சல் பனலுக்கு ஒரு வரியை அனுப்ப 800 கடிகாரத் துடிப்புகள் போதா. வரியின் இரு புறமும் வெற்று இடைவெளிகளும், அவற்றினிடையே ஓர் ஒத்திசைவுத் துடிப்பும் உண்டு. அவற்றையும் சேர்த்து ஒரு வரிக்கு 1056 துடிப்புகள், ஒரு சட்டகத்துக்கு 525 வரிகள் என்று வைத்துக்கொண்டால், செக்கனுக்கு 60 சட்டகங்களைக் காட்ட 1056 × 525 × 60, அதாவது 33.264 மெகாஹேர்ட்ஸ் பிக்சல் கடிகாரம் வேண்டும். மொத்தம் சரியாக இருந்து, ஒத்திசைவுத் துடிப்புக்கும் படத்தின் தொடக்கத்துக்கும் இடையிலான இடைவெளி மட்டும் பிழையாக எழுதப்பட்டிருந்தால், ஒத்திசைவுச் சைகைகளை மட்டுமே நம்பும் பனல்களில் நீங்கள் சொல்வது போலவே படம் பக்கவாட்டில் நகரும். பனலின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதன் தரவுத்தாளிலுள்ள எண்களையும் உங்கள் விவரக் கோப்பிலுள்ள எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாசகர், ஒட்டுசுட்டான்: என்னிடமுள்ள பனலின் எண்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அவற்றை விவரக் கோப்பில் நேரடியாக எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடுமல்லவா? லினக்ஸின் மையநிரலான கெர்னலை எழுதுபவர்கள் ஏன் மாதிரிப் பெயரைக் கேட்கிறார்கள்?

இதில் நீண்டகாலமாகவே இரண்டு நிலைப்பாடுகள் உள்ளன. விவரக் கோப்பில் உற்பத்தியாளரும் மாதிரி இலக்கமும் சேர்ந்த பெயர் ஒன்று மட்டும், எடுத்துக்காட்டாக ‘இனோலக்ஸ், ஏடி070டிஎன்92’ என்று, இருந்தால் போதும். நேர அளவுகள் கெர்னலிலுள்ள, பனலை இயக்கும் நிரலான டிரைவரின் அட்டவணையில் இருக்கட்டும் என்பது முதலாவது. அவ்வளவுகள் அந்த மாதிரிக்கு உரியவை, அது பொருத்தப்பட்ட பலகைக்கு உரியவை அல்ல. எனவே அட்டவணையில் ஒரு பிழை திருத்தப்பட்டால் அதே பனலைப் பயன்படுத்தும் எல்லாப் பலகைகளும் ஒரே நாளில் திருந்திவிடும் என்பது அதற்குரிய நியாயம். ஒவ்வொரு கோப்பிலும் எண்களைப் பிரதிசெய்தால், பிழையும் அத்தனை இடங்களுக்குப் பிரதியாகும்.

இரண்டாவது நிலைப்பாடு உங்களுடையது. அதற்கும் இடமளிக்கப்பட்டிருக்கிறது: பனல்-டிபிஐ என்ற பொதுப்பெயரின்கீழ், கடிகார வேகம், கிடை நிலைக்குத்து அளவுகள், முன்னிடைவெளி, பின்னிடைவெளி, ஒத்திசைவுத் துடிப்பின் நீளம், சைகைகள் உயர்நிலையிலா தாழ்நிலையிலா இயங்கும் என்பவற்றைக் கோப்பிலேயே எழுதலாம். எனினும் அங்கேயும், விவரக் கோப்பில் என்ன எழுதலாம் என்று சொல்லும் விதி, குறிப்பான மாதிரிப் பெயரை முதலிலும் பொதுப்பெயரை அதன் பின்னும் எழுதச் சொல்கிறது. நாளை அந்த மாதிரிக்கென ஏதேனும் விதிவிலக்குத் தேவைப்பட்டால், கோப்பைத் தொடாமலே டிரைவர் அதனை அடையாளம் கண்டுகொள்ளும்.

என் சார்பு முதலாவது நிலைப்பாட்டின் பக்கமே. ஆனால் பெயரும் இல்லாமல் தரவுத்தாளும் இல்லாமல் வந்து சேரும் மலிவான பனல்களை வைத்து வேலை செய்யும் நம்மவர்களுக்கு இரண்டாவது வழி இல்லாமல் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கைத்தொலைபேசிகளில் உள்ளவை போன்ற, எம்ஐபிஐ டிஎஸ்ஐ என்ற இணைப்பு முறையைக் கொண்ட பனல்களுக்கு இந்த வழி பொதுவாகப் போதாது; அவற்றுட் பல, விழித்தெழுவதற்கே நீண்ட கட்டளைத் தொடர் ஒன்றை எதிர்பார்க்கின்றன. அத்தொடரையும் விவரக் கோப்பில் எழுத அனுமதிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. விதிகளைப் பேணுவோர் பொதுவாக மறுத்துவிடுகின்றனர். அந்த மறுப்புச் சரியென்றே நினைக்கிறேன். விவரம் சொல்ல வேண்டிய கோப்பு கட்டளை இடத் தொடங்கினால், அது யாராலும் சரிபார்க்க முடியாத இன்னொரு நிரலாகிவிடும்.

மாணவி, பொறியியற் பீடம், அறிவியல்நகர், கிளிநொச்சி: பனல்களுக்கான பழைய உரைக்கோப்பு விதிகள் யாமல் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றப்படுகின்றன என்று படித்தேன். சொன்னதையே வேறு வடிவத்தில் சொல்வதால் என்ன நன்மை?

விவரக் கோப்பு வேறு, அதில் என்ன எழுதலாம் என்று சொல்லும் விதி வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். விதிக்குப் பைண்டிங் என்று பெயர். சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் நீர் திறப்பு என்று தீர்மானித்தபின் குளத்துக்குப் பொறுப்பானவரும் கமக்காரரும் அதே தீர்மானத்துக்குக் கட்டுப்படுவது போல, பலகை செய்பவரும் டிரைவர் எழுதுபவரும் கட்டுப்படும் பொதுத் தீர்மானம் அது.

இவ்வகை விவரிப்பு லினக்ஸுடன் பிறந்ததன்று. 1994இல் ஐஈஈஈ 1275 என்ற தரமாக வெளிவந்த ஓபன் ஃபேர்ம்வேர் என்ற தொடக்க மென்பொருள் வரையறையிலிருந்து வந்தது. பவர்பிசி கணினிகள் வழியாக லினக்ஸுக்குள் நுழைந்தது. ஏஆர்எம் வகைச் செயலி கொண்ட பலகைகளுக்கோ அக்காலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சி-மொழிக் கோப்பு எழுதப்பட்டது. அக்குவியலை 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்தபின் ஏஆர்எம் பகுதியும் டிவைஸ் ட்ரீயின் பக்கம் திரும்பியது. ஆனால் விதிகள் மட்டும் மனிதர் வாசிப்பதற்கான வெறும் உரையாகவே நெடுங்காலம் இருந்தன. எளிய பனல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிகள் கொண்ட ஒரு கோப்பு; அதில் பெயரைச் சொல்லிவிட்டு, மிகுதிக்கு இன்னொரு கோப்பைப் பார்க்கும்படி ஒரு குறிப்பு. அவற்றை எழுதியவர் என்ன நினைத்தார் என்பது வாசகருக்குப் புரியலாம், கணினிக்குப் புரியாது. யாராவது ஒரு பண்பின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், டிரைவர் அப்பண்பைத் தேடிக் காணாமல் பேசாமலே கடந்துவிடும். திரை இருண்டிருக்கும், பிழைச்செய்தி எதுவும் வராது.

டிவைஸ் ட்ரீ விதிகளைப் பேணுவோரில் ஒருவரான ரொப் ஹெரிங் முன்னெடுத்த டிடி-ஸ்கீமா முறை, தரவின் அமைப்பை வரையறுக்கும் ஜேசன் ஸ்கீமாவின் சொல்வளத்தில், கணினியும் படித்துச் சரிபார்க்கக்கூடிய யாமல் வடிவில் விதிகளை எழுதச் செய்தது. 2020இல் கெர்னல் பங்களிப்பாளரான சாம் ராவ்ன்போர்க் பெருந்தொகையான பனல் விதிகளை அம்முறைக்கு மாற்றினார். அப்போது சிதறிக்கிடந்த சிறு கோப்புகளிற் பல, பனல்-சிம்பிள் என்ற ஒரே கோப்பில் பெயர்ப்பட்டியலாக ஒடுங்கின. ஒரேயொரு மின்வழங்கல், வேண்டுமானால் ஒரு பின்னொளி, ஓர் இயக்கு இணைப்பு என்பவற்றுக்கு மேல் எதுவும் தேவைப்படாத பனல்கள் மட்டுமே அப்பட்டியலில் இடம்பெறலாம். அதற்கு மேற்பட்ட தேவையுள்ள பனலுக்குத் தனிக்கோப்பு எழுதவேண்டும்.

எல்லாப் பனல்களுக்கும் பொதுவான பண்புகள் பனல்-கொமன் என்ற கோப்பில் ஒரே இடத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன: மில்லிமீற்றரில் அகலமும் உயரமும், சுழற்சிக் கோணம் 0, 90, 180, 270 ஆகியவற்றுள் ஒன்று, மீளமைப்பு இணைப்பு, மின்வழங்கல், பின்னொளி, சைகை எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று காட்டும் போர்ட். அகலம் சொன்னால் போதாதா, உயரம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். மேலே குறிப்பிட்ட இனோலக்ஸ் பனலின் காட்சிப்பரப்பு 154.08 × 85.92 மில்லிமீற்றர், பிக்சல்களோ 800 × 480. வகுத்துப் பார்த்தால் ஒரு பிக்சலின் அகலம் 0.1926, உயரம் 0.179 மில்லிமீற்றர். அது சதுரமன்று! உயரத்தை விட்டுவிட்டு, சதுரம் என்று ஊகித்து வட்டம் வரையும் மென்பொருள் சற்றே அகன்ற நீள்வட்டத்தையே காட்டும்.

இவ்வாறு வரையறுத்தபின், ‘மேக் டிடி-பைண்டிங்-செக்’ என்ற கட்டளை விதியையே சரிபார்க்கிறது; ‘மேக் டிடிபிஎஸ்-செக்’ என்ற கட்டளை பலகைகளின் விவரக் கோப்புகளை அவ்விதிகளுடன் ஒப்பிடுகிறது. சுழற்சிக்கு 45 என்று எழுதினாலோ, கட்டாயமான மின்வழங்கலை மறந்தாலோ, பட்டியலில் இல்லாத பண்பொன்றைச் சேர்த்தாலோ, பலகையை இயக்குவதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிடும். வடிவ மாற்றத்தால் கிடைத்த முதன்மையான நன்மை இதுவே. பழைய உரைகளை மாற்றும்போது, விதி ஒன்று சொல்ல நடைமுறையில் உள்ள கோப்புகள் வேறொன்று செய்துகொண்டிருந்த முரண்களும் வெளிப்படுகின்றன என்பது இன்னொரு நன்மை.

கைத்தொலைபேசி திருத்துநர், வவுனியா: ஒரே மாதிரிக் கைபேசிக்கு இரண்டு நிறுவனங்களின் டிஸ்பிளேக்கள் வருகின்றன. கைபேசியில் வந்த மென்பொருளில் இரண்டும் வேலை செய்கின்றன. பொது லினக்ஸ் கெர்னல் போட்டால் ஒன்று மட்டும் இருளாக நிற்கிறது. ஏன்?

தொழிற்சாலையிலேயே ஒரே கைபேசிக்கு இரண்டு பனல்கள் வாங்கப்படுவது வழமை. உற்பத்தியாளரின் மென்பொருளில் இரண்டுக்கும் உரிய விவரம் சேர்க்கப்பட்டிருக்கும். எது பொருத்தப்பட்டுள்ளது என்பதைத் தொடக்க மென்பொருள் கண்டறிந்து கெர்னலுக்குச் சொல்லும். பொதுக் கெர்னலில் அந்த ஏற்பாடு இல்லாதபோது ஒவ்வொரு பனலுக்கும் தனி விவரக் கோப்பு வேண்டும். போக்கோ எஃப்1 கைபேசி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: தியன்மா பனல் உள்ளதற்கு ஒன்றும், ஈபிபிஜி பனல் உள்ளதற்கு ஒன்றுமாகக் கெர்னலில் இரண்டு கோப்புகள் உள்ளன, கைபேசியின் பொதுவான பகுதிகள் மூன்றாவது கோப்பொன்றில் இருந்து இரண்டுக்கும் எடுத்தாளப்படுகின்றன. டிஸ்பிளேயை மாற்றிப் பொருத்தும்போது பழையதன் ரிப்பனில் அச்சிட்ட இலக்கத்தையும் புதியதன் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

வாசகி, முல்லைத்தீவு: பழைய மடிகணினியின் எல்விடிஎஸ் திரையை ஒரு பலகையுடன் இணைத்தேன். படம் சரியான இடத்தில் வருகிறது, ஆனால் நிறங்கள் படிப்படியாக மாறாமல் திட்டுத்திட்டாகத் தெரிகின்றன.

எல்விடிஎஸ் என்பது திரைக்குச் சைகை அனுப்பும் ஓர் இணைப்பு முறை. அதில் நிறத்தின் பிட்டுகளை அடுக்கும் முறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. விதிக்கோப்பில் ஜெய்டா-18, ஜெய்டா-24, வீசா-24 என்பன குறிப்பிடப்பட்டுள்ளன. உங்கள் கோப்பில் ஒன்றும் பனலில் மற்றொன்றும் இருக்கக்கூடும். அந்த ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள்.

மாணவர், வவுனியாப் பல்கலைக்கழகம்: இந்தத் தரப்படுத்தலில் மாணவர்கள் பங்குகொள்ள முடியுமா?

முடியும், கெர்னலில் நுழைவதற்கு இதனிலும் அமைதியான வாசல் குறைவு. இன்னும் உரை வடிவிலேயே இருக்கும் விதியொன்றைத் தேர்ந்து யாமலுக்கு மாற்றலாம், அல்லது கைவசமுள்ள பனலொன்றின் பெயரைப் பட்டியலில் சேர்க்கலாம். பட்டியல் அகரவரிசையில் இருக்கவேண்டும். உற்பத்தியாளரின் முன்னொட்டு ஏற்கெனவே பதிவாகாவிட்டால் அதனைத் தனியாகப் பதிய வேண்டும். விதி மாற்றமும் டிரைவர் மாற்றமும் வெவ்வேறு ஒட்டுகளாக (பேட்ச்) அனுப்பப்பட வேண்டும். புதிய விதிக்கோப்புகளை ஜிபிஎல்-2.0, பிஎஸ்டி ஆகிய திறமூல உரிமங்கள் இரண்டில் எதன்கீழும் பயன்படுத்த இயலுமாறு இரட்டை உரிமத்தில் தரும்படி கேட்பார்கள். யூ-பூட் என்ற தொடக்க மென்பொருள், ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் போன்றவையும் இவ்விவரங்களையே எடுத்தாள்வது அதற்குரிய காரணம்.

ஒரு கண்டிப்பை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். விதியின் விளக்கத்தில் ‘லினக்ஸ் டிரைவர் இப்படிச் செய்யும்’ என்று எழுதினால் அது திருப்பி அனுப்பப்படும். விதி வன்பொருளைப் பற்றியது. இன்றைய டிரைவரின் வசதிக்காகச் சேர்க்கப்படும் பண்பு, டிரைவர் மாறியபின்னும் நீக்க முடியாத சுமையாக நிற்கும். ஏற்கெனவே பலகையில் ஏற்றப்பட்ட பழைய விவரக் கோப்புடன் புதிய கெர்னல் தொடர்ந்து இயங்க வேண்டும் என்பது அங்கே நடைமுறையிலுள்ள எதிர்பார்ப்பு.

வாசகர், புதுக்குடியிருப்பு: ஒளியைக் குறைத்தால் திரை பிரகாசமாகிறது, கூட்டினால் மங்குகிறது.

பின்னொளி, பனலிலிருந்து வேறான உறுப்பாகவே விவரக் கோப்பில் எழுதப்படும். பனல் அதனைச் சுட்டிக்காட்ட மட்டும் செய்யும். உங்கள் பின்னொளிச் சுற்று, துடிப்பகலச் சைகையை எதிர்மாறாக எதிர்பார்க்கிறது. பின்னொளிப் பகுதியில் அச்சைகையைக் குறிக்கும் பிடபிள்யூஎம் வரியின் கடைசி எண் பொதுவாக அதன் துருவத்தைக் குறிக்கும். அதனைத் தலைகீழ்த் துருவத்துக்கு மாற்றி, கோப்பை மீண்டும் தொகுத்து ஏற்றுங்கள்.